எஸ்.என்.லட்சுமி அம்மாவுக்குப் பாம்பனிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள லட்சுமி அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் 2012 பிப்ரவரியில் காலமானீர்கள். அதற்குப் பிறகும் எங்கள் வீடுகளில் டி.வி.யைப் போட்டால் பழைய படங்களில் அம்மாவாகவும் பாட்டியாகவும் வந்து நிற்கிறீர்கள். அதனால் இல்லாத ஒருவருக்கு எழுதுகிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

முதலில் ஒரு ஊர் உரிமை. நீங்கள் பிறந்த சென்னல்குடி விருதுநகர் பக்கம். 1985-இல் பிரிக்கும் வரைக்கும் அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான். நீங்கள் கரிசல்காட்டுப் பெண், நாங்கள் உப்புக்காற்றுச் சனங்கள். ஆனாலும் ஒரே ஜில்லாக்காரர்கள். எங்கள் அம்மா உங்களைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் "நம்ம பக்கத்து மனுசி" என்பார். அந்தப் பெருமையை நானும் விடுவதாக இல்லை.

இங்கே தடைக்காலம் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம். வலை பொத்துவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மிச்ச நேரமெல்லாம் ஆம்பளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். டி.வி.யில் பழைய படமாக ஓடும். நீங்கள் வந்ததும் "இந்தா, அந்தக் கெழவி வந்துருச்சு" என்று யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். முகம் எல்லோருக்கும் தெரியும். பெயர் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தக் கடிதம் எழுத அதுதான் காரணம்.

'சர்வர் சுந்தரம்' வந்தது 1964 டிசம்பரில். அந்த மாதத்தை எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணத்துக்காக யாரும் மறக்கவில்லை. 22-ஆம் தேதி ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலம் சிதைந்தது. பயணிகளோடு ஒரு ரயிலையே அலை கொண்டுபோனது. போனவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்ற சேதிக்காகக் காத்துக் கிடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனாலோ என்னவோ, தட்டும் டம்ளருமாக வளைய வரும் நாகேஷை மற்ற ஊர்க்காரர்கள் ரசித்தார்கள் என்றால், எங்கள் வீட்டுப் பெண்கள் அவருடைய அம்மாவாக வந்த உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் பெரிய நடிகனாகிவிட்டான். அவன் படப்பிடிப்பில் நிற்கும் நேரத்தில் அம்மாவின் உயிர் போகிறது. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கடலுக்குள் இருப்பவனுக்கு வீட்டுச் சேதி எட்டாமல் போவது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊரில், அந்தச் சாவை யாராலும் சினிமாவாகப் பார்க்க முடியாது.

அப்போது உங்களுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நாகேஷுக்கும் உங்களுக்கும் அம்மா மகன் என்று சொல்லும்படியான வயது வித்தியாசமே கிடையாது. ஆனாலும் நம்பினோம். நரைமுடியை ஒட்டவைத்து அந்த நம்பிக்கையை வாங்கிவிட முடியாது. வயதானவள் எப்படி உட்காருவாள், எழுந்திருக்கும்போது எங்கே கையை ஊன்றுவாள் என்பதெல்லாம் உங்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அது நாடகம் கொடுத்த படிப்பு என்று நினைக்கிறேன். சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வந்து நாடகத்தில் சேர்ந்தவர் நீங்கள். என்.எஸ்.கிருஷ்ணனின் குழுவில் இருந்தவர். 1948-இல் வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில், அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒருத்தியாக ஆடியவர். நீங்கள் மறைந்தபோது பத்திரிகைகள் 1500 படங்கள் என்றும் 6000 நாடகங்கள் என்றும் எழுதின. எல்லோரும் அந்த 1500-ஐப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு 6000 என்பதுதான் மலைப்பாக இருந்தது.

ஏனென்றால் மேடை என்ன வேலை வாங்கும் என்பதை நாங்கள் இன்றும் கண்ணால் பார்க்கிறோம். எங்கள் கடற்கரைக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் நாடகம் கட்டாயம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி'. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியவிடிய நடக்கும். காற்று தூக்கி அடிக்கும்போது மைக் சத்தத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னால் மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு வசனம் பாதிதான் கேட்கும். கைதேர்ந்த நடிகை என்ன செய்வார் தெரியுமா? கத்த மாட்டார். பாடிக்கொண்டே இரண்டடி நகர்ந்து, காற்று வரும் பக்கம் தோளைத் திருப்பி, கடைசி எழுத்து வரைக்கும் வாயைத் திறந்து உச்சரிப்பார். அப்புறம் கடைசி வரிசை வரைக்கும் சத்தமே இருக்காது. உங்கள் வசனத்தில் ஒரு எழுத்துகூட விழுங்கப்படாததைக் கேட்கும்போதெல்லாம் அந்த மேடைதான் என் நினைவுக்கு வரும். கேமரா ஒரு முழ தூரத்தில் இருந்தாலும் கடைசிப் பாயில் இருப்பவளுக்கும் சேர்த்தே பேசினீர்கள். அதே சமயம் அது மேடைப் பேச்சாகவும் ஒலிக்கவில்லை.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) திருட்டுப் பாட்டியை எடுத்துக்கொள்கிறேன். ஊர்வசியின் பாட்டி. கண்ணில் பட்டதை எடுத்து ஒளித்துக்கொள்ளும் பாட்டி. வேறு யாராவது நடித்திருந்தால் நம்மைப் பார்த்துக் கண்ணடித்திருப்பார்கள். நீங்கள் கை ஒரு வேலையைச் செய்ய, முகத்தை அதற்குச் சம்பந்தமே இல்லாமல் வைத்துக்கொண்டீர்கள். அந்த வாயில் பிராமணப் பேச்சு அவ்வளவு சுத்தமாக வருகிறது. அப்புறம் 'விருமாண்டி' (2004) பாட்டியைப் பார்த்தால் அந்தப் பேச்சின் வாசனைகூட இல்லை. மதுரைச் சீமை மண்ணில் புரண்ட பேச்சு. பேரனை அதட்டுவதும் கொஞ்சுவதும் ஒரே மூச்சில் வரும். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று என் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. செல்போனில் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

'மகாநதி' (1994) பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. மருமகன் ஜெயிலுக்குப் போன பிறகு, தாயில்லாத இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தவிக்கும் மாமியார் நீங்கள். அந்தப் படத்தை இங்கே பார்ப்பது வேறு. எங்கள் தெருவில் சிறை என்பது தூரத்து விஷயம் கிடையாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து போகும் படகுகளை எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவதும், ஆட்கள் யாழ்ப்பாணம் ஜெயிலில் இருப்பதும், படகு அங்கேயே கிடந்து மக்கிப்போவதும் நடந்துகொண்டே இருக்கிறது. அப்படி மகன் உள்ளே இருந்த சமயத்தில், பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார் எங்கள் பக்கத்து வீட்டு ஆத்தா. சேனலை மாற்றிவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். "இருக்கட்டும்டி" என்று தடுத்துவிட்டார். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பொம்பள ஏன் ரொம்ப அழுகலன்னு தெரியுதா? அழுதா புள்ளைக பயந்துரும்ல" என்றார்.

நான் படித்த எந்த விமர்சனத்திலும் உங்கள் நடிப்பைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவர் எழுதியதில்லை. ஒரு வீட்டில் எல்லாம் சரியும்போது யார் அழலாம், யார் அழக் கூடாது என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வேஷம்தான். நாலு காட்சி, ஐந்து காட்சி. அதற்குள் அந்தக் கிழவிக்கு ஒரு வாழ்நாளைக் கொடுத்துவிடுவீர்கள். பாட்டி வேஷம் என்றால் இருமிக்கொண்டே ஒரு மூலையில் கிடப்பது என்று எழுதி வைத்திருக்கும் டைரக்டர்களுக்கு உங்கள் படங்களைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படங்கள் கிடைக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்த 6000 நாடகங்கள்? எந்த ஊர், எந்தக் கொட்டகை, என்ன வேஷம், கூட நடித்தவர்கள் யார், ஒரு ராத்திரிக்குச் சம்பளம் எவ்வளவு? உங்களோடு மேடையில் நின்றவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. நாடகத்தை ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் மதுரையிலும் காரைக்குடியிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் செல்போனை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெரியவர்களை உட்காரவைத்து, நிதானமாகப் பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். சென்னல்குடியிலிருந்து தொடங்கினால் நல்லது. எனக்குத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இதைப் படிப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து உங்கள் ரசிகை