கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரிணாமம் என்றாலே குரங்கிலிருந்து மனிதன் வந்தானா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஓர் இனம் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, இத்தனைக்கும் அது நம் மலைகளிலேயே நடந்திருக்கிறது.

ஊட்டியில் எங்கள் வீட்டு வேலிக்கு வரும் நீலகிரி சிரிப்பான் என்ற பறவைக்கு வெள்ளைப் புருவம், கறுத்த மோவாய், செம்பழுப்பு மார்பு. கொடைக்கானலில் அக்கா வீட்டுப் பக்கம் வருவதற்கும் அதே வெள்ளைப் புருவம்தான், ஆனால் மார்பு சாம்பல். அது தனி இனம், பழனி சிரிப்பான். நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனாலும் குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவைக்கு அந்த வெக்கையான தாழ்நிலம் கடல் மாதிரி. கலந்து இனம்பெருக்க வழியில்லாமல் லட்சக்கணக்கான ஆண்டுகள் போனால், இரண்டு கூட்டத்திலும் மரபணு மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்துகொண்டே போகும், அப்புறம் அவை வேறு வேறு இனங்கள். 2017இல் இவற்றின் டிஎன்ஏவை ஆராய்ந்தவர்கள் மான்டிசின்க்லா என்று புதுப் பேரினமே (நெருங்கிய இனங்களின் தொகுதி) வகுத்தார்கள்.

பரிணாமத்துக்கு உதாரணமாகக் கலாபகஸ் தீவுக் குருவிகளைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிரிப்பான்களையும் பாடத்தில் சேருங்கள்.

வாசகர், ஊட்டி