தவக்காலமும் நம் பிள்ளைகளும்

அன்புள்ள பெற்றோரே,

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் வரும் தவக்காலம் தொடங்கியதிலிருந்து காலை வழிபாட்டில் சில பிள்ளைகள் சோர்ந்துபோய் நிற்கிறார்கள், கேட்டால் "ஒருசந்தி சார்" (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு) என்கிறார்கள், அதுவும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுடைய ஆர்வம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் தயவுசெய்து சாப்பிட வைத்து அனுப்புங்கள். ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான், இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 நிறைந்தவர்களுக்கு.

அப்படியென்றால் சின்னப் பிள்ளைகளுக்குத் தவம் இல்லையா? இருக்கிறது. இந்த வயது வரம்பைச் சொல்லும் அதே திருச்சபைச் சட்டம் (எண் 1252), அந்த வயதை எட்டாத பிள்ளைகளுக்கும் தவத்தின் உண்மையான பொருளைக் கற்றுத்தரும் பொறுப்பைக் குருக்களிடமும் பெற்றோரிடமும் கொடுத்திருக்கிறது.

பிரான்சின் லிசியே நகரத்துக் குழந்தை தெரசாவைப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோதே, ஏதாவது ஓர் ஆசையை விட்டுக்கொடுத்தால் பைக்குள் கைவிட்டு அங்கிருக்கும் மணிமாலையில் ஒரு மணியை நகர்த்தி எண்ணிக்கொள்வார். பிறகு துறவியாகி மடத்தில் துணி துவைக்கும்போது எதிரே இருந்த அருள்சகோதரி தெரியாமல் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட, விலகவும் இல்லை, முகத்தைத் துடைத்து அவருக்கு அதை உணர்த்தவும் இல்லை, அதை இயேசுவுக்கென்று ஏற்றுக்கொண்டார். 1897-ல் 24 வயதில் இறந்த அவரை இன்று உலகமே புனிதராகக் கொண்டாடுகிறது.

நம் பிள்ளைகளுக்கும் இந்த வழிதான் சரி என்று நினைக்கிறேன். ஜன்னலோர இடத்தைத் தம்பிக்கு விடுவது, கூப்பிட்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து வருவது, திருப்பிப் பேச வாய் வரை வந்ததை விழுங்கிக்கொள்வது. எதை விடுவது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், நாம் தேர்ந்தெடுத்தால் அது தண்டனையாகிவிடும். விடும்போது "இயேசுவே, உமக்காக" என்று மனதுக்குள் சொல்லப் பழக்குங்கள். அந்தச் செபம் இல்லாமல் சாக்லேட்டை நிறுத்தினால் அது வெறும் பத்தியம்தான்.

அப்புறம், நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னவர் நம் ஆண்டவர் (மத்தேயு 6). அதனால் யார் எதை விட்டார்கள் என்று வகுப்பில் கேட்கமாட்டோம், நீங்களும் உறவினர்கள் முன்னால் பிள்ளையைச் சொல்ல வைக்காதீர்கள். இரவுச் செபமாலை நேரத்தில் அம்மாவும் அப்பாவும் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தால், நாங்கள் நடத்தும் எந்த மறைக்கல்வி வகுப்பைவிடவும் பிள்ளைக்கு அது நன்றாகப் புரியும்.

தின்பண்டத்தை விட்டு மிச்சமான காசை வீட்டு உண்டியலில் போடச் சொல்லுங்கள். எவ்வளவு என்று எழுத வேண்டாம், குருத்து ஞாயிறுக்கு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு) முந்தைய வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால் போதும், ஏழைகளுக்குக் கொடுக்கப் பங்குக் கோவிலில் சேர்த்துவிடுவோம். மற்ற சமயப் பிள்ளைகளுக்கு இதில் எந்தக் கட்டாயமும் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்