மர விமானத்துக்கு வெள்ளிப் பூச்சு

வில்லிவாக்கம்,
பிப்ரவரி 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போகிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, கையெல்லாம் பெயின்ட். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியிருந்ததைச் சரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொன்னாள். பேரன் மரவாடியில் வந்து உட்கார மாட்டேன் என்கிறான், கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்கிறான் என்று புலம்பியிருந்தாய். உன்னைப் பற்றி உன் அப்பா என் அப்பாவிடம் புலம்பியதில் இது கால்வாசிகூட வராது. விடு.

ரிட்டயர் ஆகி என்னதான் பண்ணுகிறாய் என்று கேட்டிருந்தாய். விமானம் கட்டுகிறேன். மருமகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது பெரிய பெட்டியாக ஒன்று கொண்டுவந்தார். ஜப்பானின் தமியா கம்பெனி 2015-ல் கொண்டுவந்த மாடல். இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானம், நிஜத்தில் 32-இல் ஒரு பங்கு அளவு. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஐம்பத்தொன்றரை சென்டிமீட்டர். அலமாரியில் வைக்க முடியாது, ஷோகேஸிலும் அடங்காது. சாப்பாட்டு மேஜையில் பாதி போய்விட்டது என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன்.

பேரக்குழந்தை எடுத்த பிறகும் பொம்மையா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறு. இது உன் தொழிலைச் சேர்ந்த விமானம். இதன் உடம்பு, இறக்கை, வால் எல்லாமே மரம்.

1940-ல் இங்கிலாந்தில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு. அலுமினியத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்களெல்லாம் மற்ற விமானங்களுக்கே போதவில்லை. தச்சர்களும் மேஜை நாற்காலி செய்கிறவர்களும் மட்டும் வேலை குறைந்து உட்கார்ந்திருந்தார்கள். டி ஹாவிலண்ட் கம்பெனிக்கு மரத்தில் விமானம் கட்டிப் பழக்கம் உண்டு. அரசாங்கம் முதலில் தலையாட்டவில்லை, இவர்கள் விடவில்லை. 1940 நவம்பர் 25-ஆம் தேதி முதல் மஸ்கிட்டோ பறந்தது. கடைசியில் 7,781 கட்டினார்கள்.

மரம் என்றால் நம் தேக்கு, கோங்கு மாதிரி கனமானதில்லை. நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பால்சா. அது ஈக்வடாரிலிருந்து வந்த மரம், கட்டையாகக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதன் இரு பக்கமும் மெல்லிய பிர்ச் பிளைவுட். மூன்றையும் பசை போட்டு அச்சின்மேல் வளைத்து இறுக்கிக் காயவைத்தால் உடம்பின் ஒரு பாதி தயார். இன்னொரு பாதியும் அப்படியே. வேர்க்கடலைத் தோட்டைப் பிளந்து வைத்த மாதிரி இரண்டு பாதியாகக் கிடக்கும்போதே உள்ளே ஒயர், பைப், கேபிள் எல்லாம் பொருத்திவிட்டு, அப்புறம் சேர்த்து ஒட்டினார்கள். பிளாஸ்டிக் மாடலிலும் நாங்கள் செய்வது அதேதான். வலது பாதி, இடது பாதி, உள்வேலையை முடி, மூடி ஒட்டு. உலோகத்தில் கட்டிய மற்ற விமானங்களை மாடலாகச் செய்யும்போது இது வெறும் வசதிக்கான ஏற்பாடு. மஸ்கிட்டோவில் மட்டும் மாடல்காரனும் தொழிற்சாலைக்காரனும் ஒரே வரிசையில் வேலை செய்கிறார்கள்.

உள்வேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், போரடிக்கும். பைலட் இடது பக்கம் உட்கார, வழி பார்த்துச் சொல்கிறவர் வலது பக்கத்தில், அவர் தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டி உட்கார வேண்டும். அவ்வளவு நெருக்கடியான இடம். மூக்கில் நான்கு மெஷின் கன், வயிற்றுக்கடியில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கி. இரண்டு மெர்லின் எஞ்சின். எனக்குப் பிடித்தது சக்கரக் கால்கள். எண்ணெய் டாம்பர் வைக்காமல் ரப்பர் கட்டைகளை அடுக்கி, தரையில் மோதும் அதிர்ச்சியை அதிலேயே வாங்கியிருக்கிறார்கள். ரயில்பெட்டி செய்கிற இடத்தில் ஆயுசைக் கழித்தவனுக்கு இந்த மாதிரி எளிமையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

இனி என் சமாச்சாரத்துக்கு வருகிறேன். பெயின்ட்.

மஸ்கிட்டோவுக்குப் பெரும்பாலும் சாம்பலும் பச்சையும்தான் அடிப்பார்கள், பெட்டி மேல் படமும் அப்படித்தான். நான் வெள்ளி அடித்தேன். இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த மஸ்கிட்டோக்களுக்குப் போரின் கடைசிக் காலத்தில் உடம்பு முழுக்க வெள்ளிதான். கரும்பச்சை அடித்த மரம் நம் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒரு சிக்கல். கடையில் கிடைக்கிற வெள்ளி நிறமெல்லாம் உலோகத்தைக் காட்டுவதற்காகத் தயாரித்தவை. கறுப்பு பளபளப்பை அடியில் அடித்து, மேலே பனி மாதிரி வெள்ளியைத் தெளித்தால் நிஜ அலுமினியத் தகடு தோற்றுப்போகும். அமெரிக்க விமானங்களுக்கு அது பொருத்தம். மஸ்கிட்டோவில் அப்படி அடித்தால் அது பொய். அந்த வெள்ளி, அலுமினியப் பொடி கலந்த வார்னிஷ். மரத்தின்மேல் துணி, துணியின்மேல் அந்தப் பூச்சு. வெயிலில் பளிச்சென்று கண்ணைக் கூசலாம், ஆனால் முகம் பார்க்க முடியாது.

துணி என்றேனே, அது மடப்போலம் என்ற மெல்லிய பருத்தித் துணி. அந்த ரகம் முதலில் கோதாவரி டெல்டாவில், நரசாபுரத்துக்குப் பக்கத்தில் நெய்யப்பட்டது. அப்போது அதெல்லாம் மெட்ராஸ் ராஜதானி. பிளைவுட்மேல் அதை ஒட்டி, இழுத்து, பூச்சு கொடுத்து இழைத்துவிடுவார்கள். அதனால்தான் மஸ்கிட்டோவின் உடம்பில் தகட்டு மூட்டோ ரிவெட்டோ இல்லாமல் அப்படி ஒரு வழவழப்பு.

ஆகவே நான் சாம்பல் ப்ரைமர் கொடுத்து, நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். வெள்ளியில் வெளிர் சாம்பல் சில துளி கலந்து ஏர்பிரஷில் அடித்தேன். ஒரே தடவையில் மூடாமல், மெல்லியதாக, ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது. எஞ்சின் மூடிகள் நிஜத்திலும் உலோகம், அங்கே மட்டும் சாம்பல் கலக்காத வெள்ளி. பக்கத்தில் பார்த்தால் இரண்டு வெள்ளிக்கும் நடுவில் ஒரு இழை வித்தியாசம் தெரியும். விளக்குக்கு நேரே திருப்பினால் மூடி மின்னும், இறக்கை மின்னாது. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை நாள் மெனக்கெட்டது. சரோஜாவுக்கு எவ்வளவு காட்டியும் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

நம்மூர்க் காற்றில் லாக்கர் பெயின்ட் அடிப்பது தனி அவஸ்தை. ஈரம் கூடிய நாளில் அடித்தால் பூச்சு காயும்போதே பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்க வடிகட்டி போட்டாலும், சுற்றியிருக்கிற காற்றை என்ன செய்வது? மெதுவாகக் காயும் தின்னர் கலந்து, மழை முழுக்க விட்ட பிறகு, வெயில் ஏறிய முற்பகலில் மட்டும் அடித்தேன். ஃபேக்டரியில் பெட்டிக்குப் பெட்டி பெரிய ஸ்ப்ரே கன்னோடு நின்றவன், பேனா மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பதைப் பழைய ஷிப்ட் ஆட்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இப்போது மாடல் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கு அறவே ஒத்துவராது. எந்த விமானமாக இருந்தாலும் தகட்டுக் கோடுகளில் கறுப்பைப் பாய்ச்சுவார்கள். ஓரமெல்லாம் பெயின்ட் உரிந்து வெள்ளித் தகடு தெரிகிற மாதிரி புள்ளி வைப்பார்கள். அனுபவித்த விமானமாம். மஸ்கிட்டோவில் பெயின்ட் உரிந்தால் அடியில் ஏதடா தகடு? துணியும் மரமும்தான். ரயில்பெட்டியில் பெயின்ட் உரிந்தால் துரு தெரியும், உன் கதவில் உரிந்தால் மரம் தெரியும், அவ்வளவுதானே விஷயம். நான் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் புகைக்கறை, எஞ்சினுக்கு அடியில் கொஞ்சம் எண்ணெய் ஒழுக்கு, சக்கரத்தில் மண், இத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சின்னங்களை ஸ்டிக்கராக ஒட்டாமல் வடிவம் வெட்டிய மறைப்புத் தாளை (மாஸ்க்) வைத்து அடித்தேன். நம் பக்கத்துப் போர்முனையில் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தில் சிவப்பு கிடையாது. ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் என்று நினைத்து சொந்த ஆளே சுட்டுவிடக்கூடாதே! அதனால் கருநீல வட்டத்துக்குள் வெளிர்நீலம். வெள்ளி உடம்பில் அந்த இரண்டு நீலம் மட்டும். சிவப்பு இல்லாததால் விமானத்துக்கே ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

உடம்பில் அடித்த எழுத்து ஓபி. அது பிரிட்டிஷ் விமானப்படையின் 45-ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் அடையாளம். காரணத்தைச் சொன்னால் எழுந்து உட்காருவாய். அந்த ஸ்குவாட்ரனும் 82-ஆம் ஸ்குவாட்ரனும் அசாமில் கும்பீர்கிராமிலிருந்து பறந்து பர்மாவில் ரயில் பாதை, பாலம், படகு என்று அடித்தவை. 1945-ல் ரங்கூன் விழுந்த பிறகு இரண்டையும் கொண்டுவந்து நிறுத்திய இடம் நம் சோழவரம். நீ மெட்ராஸில் இருந்த காலத்தில் கார், மோட்டார் சைக்கிள் ரேஸ் பார்க்கப் போவோமே, அதே ஓடுதளம். அங்கிருந்து பரங்கிமலைக்குப் போயின. ரேஸுக்காக யாரோ போட்ட ரோடு என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

உனக்கென்று ஒரு விஷயத்தை எடுத்து வைத்திருக்கிறேன். 1944 கடைசியில் இந்தியாவில் இருந்த மஸ்கிட்டோக்கள் சில பறக்கும்போதே உடைந்து விழுந்தன. எல்லாரும் பசைமேல் பழி போட்டார்கள். முதலில் போட்டது கேசின், பாலிலிருந்து எடுக்கிற பசை. உங்கள் பட்டறையில் வஜ்ஜிரம் காய்ச்சுவார்களே, அதற்குத் தூரத்து உறவு. வெயிலும் மழையும் அதைத் தின்றுவிட்டது என்றார்கள். கம்பெனியிலிருந்து ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் ஒரு குழு இந்தியாவுக்கே வந்து பார்த்து, பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. நம் மழைக்காலத்தில் மரம் ஊதுமா சுருங்குமா என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். பிறகு இங்கிலாந்திலேயே, மழைக்காலத்தைக் கண்ணாலும் காணாத விமானங்களைப் பிரித்துப் பார்த்தால் அதே குறை. இரண்டு தொழிற்சாலைகளில் ஒட்டு வேலையே சரியில்லை என்று தெரிந்தது. மேலிடம் மட்டும் சீதோஷ்ணம்தான் காரணம் என்ற பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. போர் நடக்கும்போது விமானத்தின்மேல் நம்பிக்கை போய்விடக்கூடாதாம். மர இணைப்பை அவசரமாக ஒட்டிவிட்டு மழையைத் திட்டுகிற ஆசாரிகளை நீயும் பார்த்திருக்கிறாய்.

அப்புறம் இறக்கையின் மேல் மூட்டு நெடுகத் தண்ணீர் புகாமல் இருக்க மெல்லிய பிளைவுட் பட்டை ஒன்றை ஒட்டினார்கள். என் மாடலிலும் அது தெரிகிறது. அந்த இடத்தில் பெயின்ட் திரளாமல் பார்த்துக்கொண்டேன். விரல் நுனியால் தடவினால் ஓரம் நெருடும்.

மரம் என்பதால் மிச்சமும் அதிகமில்லை. 2012-ல் நியூசிலாந்தில் ஒன்றை மறுபடி பறக்கவிட்டார்கள், மர உடம்பு முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. முதன்முதலில் பறந்த அதே விமானம் லண்டனுக்கு வெளியே லண்டன் கோல்னி என்ற ஊரில் மியூசியத்தில் இருக்கிறது. உன் பையன் அங்கேதானே இருக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரச் சொல். நீ போனால் அவனோடு போ. மரத்தைத் தொட விடமாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பிரான்சிஸ் ஹார்டுவேர் கடையை மகளிடம் கொடுத்துவிட்டு வேளாங்கண்ணி போய்விட்டான், முழங்கால் வலிக்கு அங்கே ஏதோ எண்ணெய் தடவுகிறார்களாம். என் முழங்காலும் அந்த எண்ணெயைக் கேட்கிறது. சின்னவளுக்கு வைகாசியில் வளைகாப்பு. தேதி வைத்ததும் போன் பண்ணுகிறேன், நீயும் தங்கச்சியும் இரண்டு நாள் முன்னாலேயே வர வேண்டும்.

வரும்போது ஒரு காரியம். மாடலை நிறுத்த ஒரு பலகை வேண்டும். அறுபது சென்டிமீட்டர் நீளம், நாற்பத்தைந்து அகலம், கனம் ஒன்றரை அங்குலம் போதும். இங்கே கடைகளில் எம்.டி.எஃப். பலகையைத்தான் நீட்டுகிறார்கள், அதன்மேல் இந்த விமானத்தை நிறுத்த மனம் வரவில்லை. பலா கிடைத்தால் பலா, இல்லாவிட்டால் பழைய தேக்கு. நன்றாகக் காய்ந்ததாக, வைகாசி வெயிலிலும் கார்த்திகை மழையிலும் வளையாததாகப் பார். ஒரு பக்கம் இழைத்தால் போதும், பாலிஷ் போடாதே, அதை நானே போட்டுக்கொள்கிறேன். அகலத்துக்கு ஒரே பலகை கிடைக்காமல் இரண்டை ஒட்ட வேண்டியிருந்தால் என்ன பசை போட்டாய் என்று எழுது.

உன்,
ராமநாதன்