கஷாயத்துக்கு முன் ஒரு டெஸ்ட்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

சரி, உன் சுகர் விஷயம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டு வெந்தயம், பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். "நீ சிரிப்பாய்" என்று நீயே எழுதியும் விட்டாய். சிரிக்கவில்லை. இலை, வேரில் மருந்தே கிடையாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். எது எவ்வளவு செய்யும் என்பதில்தான் எனக்குச் சண்டை.

வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழவென்று வருகிறதே, அது கரையும் நார்ச்சத்து. வயிற்றில் கூழாகி, சாப்பாட்டில் உள்ள சர்க்கரை இரத்தத்தில் சேருவதை மெதுவாக்கும். சாப்பிட்ட பின் பார்க்கிற அளவு அதனால் கொஞ்சம் இறங்கலாம். அந்தக் 'கொஞ்சம்' ஒரு மாத்திரையின் வேலைக்கு ஈடாகாது. சிறுகுறிஞ்சான் கதை இன்னும் வேடிக்கை. இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வதுபோல் இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைக் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடுகின்றன. நாக்கில் மறைந்த இனிப்பு இரத்தத்திலும் மறைந்துவிட்டதாக நம்பினவர்கள் எத்தனை பேரோ!

பாகற்காயும் அப்படித்தான். கசப்பு இனிப்பை வெட்டும் என்பது நாக்கு போடுகிற கணக்கு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இறங்கியது உண்மை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2012-ல் சேர்த்துப் பார்த்தபோது எடுத்துக்கொள்ளும்படி தேறியவை நான்குதான், மொத்தம் 479 பேர். பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று முடித்துவிட்டார்கள். லவங்கப்பட்டைக்கும் அதே வருஷம் அதே தீர்ப்பு. வெண்டைக்காயை ஊறவைத்த தண்ணீரைப் பற்றியும் கேட்டிருந்தாய். எலிகளில் நடந்த ஓர் ஆய்வில் அந்த வழவழப்பு, நீ சாப்பிடுகிற மெட்ஃபார்மின் மாத்திரை உடலில் சேருவதையே தடுத்திருக்கிறது. மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாத்திரையை விழுங்கிவிட்டு அதன் மேலேயே அந்தத் தண்ணீரைக் குடிக்காதே.

அப்படியானால் இத்தனை பேர் சத்தியம் செய்கிறார்களே, எல்லோரும் பொய்யா என்பாய். பொய் இல்லைடா. ஒருவருக்கு 280 என்று ரிப்போர்ட் வருகிறது. பயந்துபோய் அன்றைக்கே இனிப்பை நிறுத்துகிறார், நடக்கப் போகிறார், சாப்பாட்டைக் குறைக்கிறார், கூடவே கஷாயமும் குடிக்கிறார். அடுத்த மாதம் 160. பெயர் முழுக்கக் கஷாயத்துக்கு! அப்புறம், வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற மெஷின் இருக்கிறதே, அதற்குச் சர்வதேசத் தரமே கூடக்குறைய 15 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறது. உண்மையில் 150 இருந்தால் 130-ம் காட்டும், 170-ம் காட்டும். ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு மருந்தைப் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது.

பலிக்காமல் போனவர்கள் வாயே திறப்பதில்லை என்பது இன்னொரு பக்கம். என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏதோ சூரணம் சாப்பிட்டார். "உடம்பு லேசாக இருக்கு" என்று எல்லோருக்கும் சிபாரிசு வேறு. சர்க்கரை ஏறினால் வலிக்காதே, அதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் யார் கேட்டாலும் செருப்புக் கடித்தது என்பார். சூரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

"இயற்கையை விட்டுவிட்டு எதற்கு இங்கிலீஷ் மருந்து" என்று எழுதியிருக்கிறாயே, உன் மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான், தெரியுமா? கலேகா அஃபிசினாலிஸ் என்று பெயர். ஐரோப்பாவில் அந்தக் காலத்து நாட்டு மருந்து. சர்க்கரையை இறக்கும் சரக்கு அதில் இருந்தது. கூடவே விஷமும் இருந்தது, அதை மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அந்தச் சரக்கின் உறவுக்காரப் பொருளாக 1922-ல் டப்ளினில் மெட்ஃபார்மினைத் தயாரித்தார்கள். 1957-ல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதி கொடுத்ததோ 1994-ல்தான். அவ்வளவு காலம் அளந்து, சலித்து வந்த மூலிகையை விட்டுவிட்டு, அளக்காத மூலிகைக்குப் போகிறேன் என்கிறாய். நேற்றுப் பிழிந்த பாகற்காயில் இருந்ததுதான் இன்றைக்குப் பிழிந்ததிலும் இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்?

மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பயம் உனக்கும் வந்திருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மெட்ஃபார்மின் வெளியேறாமல் தங்கும், அதனால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அந்தச் செய்திதான் வாய்க்கு வாய் மாறித் தலைகீழாகிவிட்டது. பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்பது மெய். அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

பொடிகளில் ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் நிஜமாகவே பயப்படுகிறேன். மூலிகை என்று விற்ற பொடிகளைச் சோதித்தபோது உள்ளே கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. "இரண்டே நாளில் இறங்கியது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டால் தூக்கத்திலேயே லோ சுகர் ஆகி மயங்கிவிடலாம்.

உன் தங்கை பேரனைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்துத்தான் உடனே பேனாவை எடுத்தேன். பத்து வயசுப் பையன், டைப் 1, ஊசியை நிறுத்திக் கஷாயம் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். கூடவே கூடாது. அவன் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது. ஊசியை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி, சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற பதினாலு வயசுப் பையனுக்குத்தான் இன்சுலினை முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம், மிஞ்சினால் ஒன்றிரண்டு வருஷம் சாவைத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். இந்த வெந்தயமும் பாகற்காயும் அப்போதும் இருந்தனவே! தங்கையிடம் நீயே பேசு. கடிதத்துக்குக் காத்திராமல் போனில் பேசு.

மாத்திரை இல்லாமல் இருக்கணும் என்ற உன் ஆசையில் தப்பு இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. பிரிட்டனில் டைரக்ட் என்று ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2017 கடைசியில் வெளிவந்தது. நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த, எடை கூடுதலான ஆட்களை, டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தி, கடுமையாக எடை குறைக்க வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். உனக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, தொப்பையும் தாராளமாக இருக்கிறது. டாக்டரிடம் இதைக் கேள். நீயாகப் பட்டினி கிடந்துவிடாதே, மாத்திரையோடு பட்டினி சேர்ந்தால் சிலருக்கு லோ சுகர் வரும்.

வெந்தயம் சாப்பிடணும் என்றால் சாப்பிடு, சாப்பாடாக. ஆரம்பிக்கும் முன் ஹெச்பிஏ1சி, அந்த மூன்று மாத சராசரி டெஸ்ட், ஒன்று எடுத்துவிடு. மூன்று மாதம் வேறு எதையும் மாற்றாமல் இருந்துவிட்டு இன்னொன்று. டாக்டரிடம் மறைக்காதே. திட்டினால் வாங்கிக்கொள்.

எண் எவ்வளவு வந்தது என்று எழுது. கண் டாக்டரிடம் காட்டி எவ்வளவு நாளாயிற்று என்றும் எழுது, போன கடிதத்தில் அதைக் கேட்டேன், நீ பதிலே போடவில்லை. மல்லிகாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்