ஒரே விலையில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள்: வன்னியில் எதை வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வாகன விளம்பரப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு கடந்த மாதம் என் தமையனாரின் மகன் எனது கராஜுக்கு வந்தான். கட்டாரில் ஆறு வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டுமென்பது அவனது நெடுநாள் ஆசை. அவன் பேனையால் வட்டமிட்டிருந்த இரண்டு விளம்பரங்களில் ஒன்று 2004ஆம் ஆண்டின் மஸ்டா ஆர்எக்ஸ்-8, மற்றையது 2002ஆம் ஆண்டின் ரொயோட்டா செலிக்கா. "ரெண்டும் ஒரே விலைதானே சித்தப்பா, பிறகேன் இவ்வளவு யோசிக்கிறியள்?" என்று கேட்டான். அவனைப் போல விளம்பரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இளைஞர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பலர் இருப்பதால், அவனுக்குச் சொன்ன விடையை இங்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது உண்மைதான். ஆனால் பாவித்த கார்களை இறக்குவதற்கு வயதெல்லை உண்டு. செலிக்காவின் உற்பத்தி 2006இலும் ஆர்எக்ஸ்-8இன் உற்பத்தி 2012இலும் முடிந்துவிட்டன. ஆகவே இன்று விற்பனைக்கு வருபவை யாவும் ஏற்கெனவே இந்நாட்டில் பல கைகள் மாறியவை. வாங்குபவர் காரோடு சேர்த்து, முந்தைய உரிமையாளர்கள் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் வாங்குகிறார்.

ஆர்எக்ஸ்-8 அழகான கார் என்பதில் எனக்கு மறுப்பில்லை. முன்கதவைத் திறந்த பின்னரே எதிர்ப்புறமாகத் திறக்கும் சிறிய பின்கதவுகளும், 9000 சுற்றுவரை தடங்கலின்றி ஏறும் என்ஜினும் வேறெந்தக் காரிலும் ஒன்றாகக் கிடைக்கா. ஆனால் அந்த என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான இரண்டு சுழலிகள் சுழன்றே அது இயங்குகிறது. பதிவுப் புத்தகத்தில் 1308 சிசி என்றிருப்பதைக் காட்டி, "1300 வண்டிதானே, விற்ஸ் மாதிரிக் குறைவாத்தான் பெற்றோல் குடிக்கும்" என்று சொல்லி விற்பவர்களை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். சாதாரண பிஸ்டன் என்ஜின் தன் முழுக் கொள்ளளவையும் உள்ளிழுத்து எரிக்க கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். சுழல் என்ஜினோ தன் 1308 சிசியையும் தண்டின் ஒரே சுற்றில் எரித்துவிடும். எரிபொருள் கணக்கில் அதை 2.6 லீற்றர் என்ஜினாகவே கொள்ள வேண்டும். என் கராஜுக்கு வந்த ஆர்எக்ஸ்-8கள் லீற்றருக்கு ஆறு, ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஓடியதில்லை.

அதைவிட முக்கியம் ஒயில். சுழலியின் மூன்று முனைகளிலும் அறைக்கு அறை கசியாமல் தடுக்கும் அப்பெக்ஸ் சீல்கள் தேயாமலிருக்க, அந்த என்ஜின் தானாகவே சிறிதளவு ஒயிலை அறைக்குள் செலுத்தி எரிக்கும். அது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவையாவது ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்காதவர் கையில் அது நெடுநாள் வாழாது. குளிர்ந்த என்ஜினை இயக்கி முற்றத்திலிருந்து கொட்டிலுக்கு நகர்த்திவிட்டு உடனே நிறுத்தினால், எரியாத பெற்றோல் உள்ளே தேங்கி அடுத்த தடவை அது இயங்காமலே போகலாம். சென்ற கார்த்திகை மழைக்குள் ஒரு வாடிக்கையாளரின் கார் இப்படித்தான் நின்றது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, பெற்றோல் தோய்ந்து கறுத்திருந்தவற்றைத் துடைத்து உலர்த்தி, அறைகளைக் காற்றோட்டி மீண்டும் உயிர்ப்பிக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் போனது. அவருக்கு விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை. வன்னியின் சித்திரை வெயிலில் ரேடியேற்றர் ஒருமுறை கொதித்தாலும் அந்த என்ஜினின் நீர்ச் சீல்கள் போய்விடக்கூடும்.

இரண்டு கார்களையும் பார்க்க வவுனியாவுக்குப் போனோம். ஆர்எக்ஸ்-8ஐ அரை மணித்தியாலம் ஓட்டி, நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் சாவியைத் திருப்பச் சொன்னேன். நல்ல சுழல் என்ஜினென்றால் உடனே பிடிக்க வேண்டும். இதுவோ எட்டு விநாடிவரை உறுமி உறுமித்தான் பிடித்தது. சீல்கள் தேய்ந்து அறைகளில் அமுக்கம் குறைந்திருப்பதன் அடையாளம் அது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. சுழலி ஒன்றுக்கு மூன்று அறைகள் இருப்பதால், சாதாரண அமுக்க மானி அவற்றில் கூடிய அளவை மட்டுமே காட்டும். மூன்றையும் தனித்தனியே காட்டும் கருவி என்னிடம் இல்லை. அந்தச் சூட்டுப் பரிசோதனையே எனக்குப் போதுமாக இருந்தது.

செலிக்காவிலும் குறையில்லாமலில்லை. அதன் 1.8 லீற்றர் என்ஜின் 1இசற்இசற்-எஃப்ஈ. தொடக்க ஆண்டுகளில் செய்யப்பட்ட அவ்வகை என்ஜின்களின் பிஸ்டன்களில் ஒயில் வடியும் துளைகள் போதாமல், வளையங்களில் கரி இறுகி ஒயில் எரியும். இரண்டு நிமிடம் சும்மா இயங்கவிட்டு அக்சிலறேற்றரைச் சட்டென்று மிதித்தால் பின்னால் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த காரில் மெல்லியதாக வந்தது. ஆனால் அந்த என்ஜின் அலியன், கல்டினா, கொரோல்லா ஆகியவற்றின் 1.8 லீற்றர் வகைகளிலும் இருப்பதால், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகமும் கிடைக்கும். ஆர்எக்ஸ்-8இன் சீல் தொகுதி வேண்டுமென்றாலோ, பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரும்வரை காரைப் படங்கால் மூடிவைக்க வேண்டியதுதான்.

நான் இந்தத் தொழிலைப் பழகியது, பெற்றோல் கிடைக்காத போர்க்காலப் பொருளாதாரத் தடைக் காலத்தில். சூப்பியால் சிறிது பெற்றோல் பீச்சி இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் எங்களைக் கைவிடாததற்குக் காரணம், அவற்றின் ஒவ்வொரு பாகத்தையும் எங்கள் ஊரிலேயே திருத்த முடிந்ததுதான். இன்றைக்கும் ஒரு காரை நான் முதலில் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

வீதியையும் யோசிக்க வேண்டும். ஏ-9 நல்ல வீதிதான். அதிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீற்றர் கிரவல் பாதையில் மதகுக்கு மதகு பள்ளம். அந்த ஆர்எக்ஸ்-8இல் இருந்தவை 225/45 அளவுள்ள 18 அங்குல ரயர்கள். செலிக்காவில் 195/60 அளவுள்ள 15 அங்குல ரயர்கள். பின்னையவற்றின் பக்கச் சுவர் தடித்தது, குழியில் விழுந்தாலும் றிம் எளிதில் வளையாது, சிறிய நகரத்திலும் வாங்கலாம். நகருக்கு வெளியே காருக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். இரவில் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் கட்டாக்காலி மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். ஆர்எக்ஸ்-8இன் 250 குதிரைவலுவை எங்கே, எப்போது பயன்படுத்துவது?

இவை எதுவும் ஆர்எக்ஸ்-8 கெட்ட கார் என்று சொல்வதற்கல்ல. சுழல் என்ஜின் தெரிந்த திருத்துநர் ஒருவரின் பக்கத்தில், கொழும்பில் குடியிருப்பவர் அதை வாங்கி மகிழ்ச்சியோடு வைத்திருக்கலாம். கைப்பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டு வன்னிக்குக் கொண்டுவருபவருக்குத்தான் அது பொருந்தாது. எந்தக் காரை வாங்கினாலும் பணத்தில் நான்கிலொரு பங்கை முதல் வருடத் திருத்த வேலைக்கென்று தொடாமல் வைக்க வேண்டும் என்பதே பெறாமகனுக்கு நான் இட்ட நிபந்தனை. அவன் செலிக்காவை வாங்கினான். பிஸ்டன் வளையங்கள் மாற்றும் வேலை இப்போது என் கராஜில் நடக்கிறது. அதற்கான செலவைக் கழித்தே விலை பேசியிருந்தோம்.

பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா, லீசிங் நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். சுழல் என்ஜின் செத்துப்போனதால் வேறொரு என்ஜினைப் பூட்டிவிட்டு, அதை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமலே விற்பதும் நடக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாகன விளம்பரப் படிவத்தில், என்ஜின் மாற்றப்பட்டதா, மாற்றப்பட்டிருந்தால் அது பதியப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்து, விற்பவரின் விடையையும் விலையோடு அச்சிட முடியுமானால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
155ஆம் கட்டை, கிளிநொச்சி.