நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

‘தொடக்க நிலைப் பணி’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ‘குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் தேவை’ என்று விளம்பரம் தருகிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். எந்த நிறுவனத்திலும் கால் வைக்காமல், சொந்தக் கணினியில் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களுக்காக உங்களிடம் கேட்கிறேன்: ஆண்டுக்கணக்கைப் பார்ப்பதற்குப் பதில், பழுதான ஒரு நெட்வொர்க்கை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள்.

அந்தச் சான்றிதழைத் தரும் சிஸ்கோ நிறுவனம், சிசிஎன்ஏ தேர்வு எழுத முன்தகுதி எதையும் கேட்பதில்லை. ஓராண்டோ அதற்கு மேலோ அனுபவம் இருந்தால் நல்லது என்று பரிந்துரைப்பதோடு நின்றுவிடுகிறது. காம்ப்டியா என்ற அமைப்பு தரும் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழிலும் 9 முதல் 12 மாத அனுபவம் என்பது பரிந்துரைதான். 2020 பிப்ரவரியில் சான்றிதழ்களை மாற்றி அமைத்தபோது, அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி வாங்க சிசிஎன்ஏ கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சிஸ்கோ எடுத்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் படித்தவர் உங்கள் வாசலில்தான் நிற்கிறார். சிசிஎன்ஏ மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முதல் வேலை கிடைப்பதற்குள் சான்றிதழே காலாவதி ஆகிவிடுமோ என்ற கவலையோடு படிக்கிறவர்களை நான் பார்க்கிறேன்.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இருப்பதும் எனக்குத் தெரியும். ‘டம்ப்’ எனப்படும் தேர்வுக் கேள்விகளின் திருட்டுத் தொகுப்பை வாங்கி, கேள்வியையும் விடையையும் உருப்போட்டு எழுதி வருகிறவர்கள் உண்டு. ‘/26 சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) எத்தனை ஹோஸ்ட் (கருவிகள்)?’ என்றால் 62 என்று உடனே சொல்வார்கள். ‘ஒரே விலானில் (ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) இருக்கும் இரண்டு கணினிகளுக்குள் பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போகவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?’ என்றால் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் ‘இரண்டு ஆண்டு’ நிபந்தனை இவர்களை வடிகட்டுகிறதா? கண்காணிப்பு மையத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, டிக்கெட் எனப்படும் புகார்ப் பதிவைத் திறந்து அடுத்த நிலைக்கு அனுப்புவதை மட்டுமே செய்தவரும் அந்த வரியைத் தாராளமாகத் தாண்டி வந்துவிடுவார்.

இனி, ஒழுங்காகப் படிப்பவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன். கணினிக்குள்ளேயே நெட்வொர்க்கைக் கட்டிப் பார்க்க உதவும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அது போதாதபோது ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி என்று போகிறார். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறையை ஓடவிட்டு, வேண்டுமென்றே அதைக் கெடுக்கிறார். ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும் ஹலோ செய்தியின் இடைவெளியை ஒரு பக்கம் 10 விநாடி, மறுபக்கம் 15 என்று வைத்தால் இரண்டு ரவுட்டர்களும் அண்டை (தகவல் பரிமாறும் இணை) ஆவதே இல்லை. எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, மட்டும் மாற்றி வைத்தால் கதையே வேறு. ஹலோ ஒழுங்காகப் போகிறது, அண்டையும் தெரிகிறது, ஆனால் தகவல் பரிமாற்றத்துக்குத் தயாராகும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே மாட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. அவர் நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, ரவுட்டர்கள் தம் தகவலின் சுருக்கத்தை அனுப்பும் டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்டுக்குள் எம்டியு ஒரு பக்கம் 1500, இன்னொரு பக்கம் 1400 என்று இருப்பதைத் தன் கண்ணால் பார்க்கிறார். பல ஆண்டு வேலை பார்த்தும் இந்தப் பழுதை ஒருமுறைகூடச் சந்திக்காதவர்கள் இருக்கிறார்கள். இது அனுபவம் இல்லை என்றால் வேறு எதை அனுபவம் என்பீர்கள்?

இந்த வீட்டுப் பயிற்சி லேப் தராதவையும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் புதிதாக ஒரு விலானைச் சேர்க்கும்போது, ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான்’ கட்டளையில் ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், ஏற்கெனவே இருந்த பட்டியல் அழிந்து புதிய விலான் மட்டும் மிஞ்சும். லேபில் அது ஒரு பாடம். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில், ஒரு தளம் முழுக்க இணைப்பு அறுந்துபோகும். தொலைவிலிருந்து ஆபத்தான மாற்றம் செய்யும் முன் ‘ரீலோட் இன் 10’ (பத்து நிமிடத்தில் கருவி தானே மறுதொடக்கமாகி, சேமிக்காத மாற்றம் நீங்கிவிடும்) கொடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம், யாரோ எழுதி எந்தக் குறிப்பும் இல்லாமல் விட்டுப்போன கான்ஃபிகரேஷனைப் படிக்கும் பொறுமை, எதைத் தொடக் கூடாது என்ற பயம், இவையெல்லாம் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும். அந்த இடத்தைத் தரக்கூடியவர் நீங்கள் மட்டுமே. நீங்கள் கற்றுத்தர வேண்டியதை அவர் எங்கே போய்க் கற்றுக்கொண்டு வருவார்?

ஆகவே நேர்காணலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், இரண்டு பழுது போதும். டிரங்கில் அடையாளக் குறி இல்லாமல் போகும் நேட்டிவ் விலான் இரு முனைகளிலும் பொருந்தாமல் இருக்கட்டும். வேறு வழி தெரியாதபோது பயன்படும் டீஃபால்ட் ரூட் ஒன்று காணாமல் போயிருக்கட்டும். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். சரி செய்து முடித்தாரா என்பதைவிட, எந்த வழியில் போனார் என்பதைக் கவனியுங்கள். முதலில் ‘ஷோ’ கட்டளைகளால் நிலவரத்தைப் பார்க்கிறாரா, இல்லை பார்த்ததையெல்லாம் மாற்றத் தொடங்குகிறாரா? கேபிளிலிருந்து மேலே படிப்படியாக வருகிறாரா? ‘இது எனக்குத் தெரியாது, ஆனால் இங்கே தேடுவேன்’ என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். டம்ப் படித்தவர் அந்த அரை மணியில் தானாகவே வெளிப்பட்டுவிடுவார்.

இன்னொரு வேண்டுகோள். நிராகரிக்கும்போது காரணத்தைச் சொல்லுங்கள். ‘போதிய அனுபவம் இல்லை’ என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒருவர் எதுவும் செய்ய முடியாது. ‘ஸ்விட்சுகளுக்குள் சுழற்சியைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயில் ரூட் பிரிட்ஜ் (தலைமை ஸ்விட்ச்) எப்படித் தேர்வாகிறது என்பதில் தடுமாறினீர்கள்’ என்று சொன்னால், அன்றிரவே மூன்று ஸ்விட்சுகளை வைத்துக் கட்டிப் பார்த்துவிடுவார்.

உங்கள் அடுத்த விளம்பரத்தில் ‘இரண்டு ஆண்டு’ என்பதை எடுத்துவிட்டு, ‘செய்முறைத் தேர்வு உண்டு’ என்று போடுங்கள்.

அன்புடன்,
நெட்வொர்க்கிங் சொல்லித்தரும் ஒருவர்