ஜனவரி ஒன்றாம் தேதி ஆதியாகமம் தொடங்க வேண்டும்: இன்னும் 71,500 ரூபாய் தேவை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். வரும் ஜனவரி முதல் தேதி தொடங்கி ஒரே வருஷத்தில் வேதாகமம் முழுவதையும், ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை, சபையாக வாசித்து முடிப்பதென்று அறுப்பின் பண்டிகை அன்று எல்லோரும் கைதூக்கித் தீர்மானித்தோம். மொத்தச் செலவு 1,60,200 ரூபாய். வந்திருப்பது 88,700. மீதி 71,500 ரூபாய் டிசம்பர் இரண்டாம் ஞாயிறுக்குள் வந்து சேர்ந்தால்தான் வேதாகமங்களுக்குப் பணம் கட்டி, புது வருஷ ஆராதனைக்கு முன்னால் எடுத்து வர முடியும்.

வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி, புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டுகிறவர்களும் உண்டு. நல்ல வழக்கம்தான், அதை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் நம்மில் பலருக்குப் பிரியமான எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்வது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில். அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. புளியந்தோப்பிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக்குக் குடிமாற்றிவிடப்பட்ட நம் சபைக் குடும்பங்கள் அந்த அதிகாரத்தை முழுசாகக் கேட்டால் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

இது நமக்குப் புதுசும் அல்ல. பி அண்ட் சி துணி மில்லில் ஷிப்ட் முடித்து வந்த நம் தாத்தாக்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒருவர் லாந்தர் வெளிச்சத்தில் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டே சங்கீதங்களை மனப்பாடம் செய்தார்கள். மில் 1996-ல் மூடிவிட்டது. அவர்கள் போட்ட விசுவாச அஸ்திவாரத்தில்தான் நாம் இன்று ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கிறோம்.

அதற்கும் முன்னால் போனால், தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தார். காகிதம் பற்றாக்குறை, அதனால் எழுத்தையே சிறிதாக வார்த்து அச்சடிக்க வேண்டியிருந்தது. பிறகு 1742-ல் சென்னைக்கு வந்த பப்ரிசியுஸ் ஐயர், புளியந்தோப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற வேப்பேரியில் தங்கி, வேதம் முழுவதையும் திரும்ப மொழிபெயர்த்தார். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து வந்த அச்சு இயந்திரம் அவர் கைக்குத்தான் கொடுக்கப்பட்டது. அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. அந்த வேலையின் மேல் கட்டினதுதான் 1871-ல் வெளிவந்து இன்றும் நம் கையில் இருக்கிற பவர் ஐயர் திருப்புதல், அதாவது அவர் திருத்தின மொழிபெயர்ப்பு. நம் பேட்டைக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பாடு பட்டிருக்கிறார்கள். அதை நாம் ஒரு வருஷம் உட்கார்ந்து வாசிக்காமல் விட்டால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

வாசிப்பு முறை எளிதுதான். மொத்தம் 1,189 அதிகாரம். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வார நாட்களில் தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷ முடிவில் இரண்டு மூன்று நாள் மீதியே இருக்கும். தனியாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜனவரி கடைசியில் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள், அதைத் தாண்டினவர்கள் முதலாம் நாளாகமத்தின் வம்ச வரலாற்றில். அதனால்தான் சேர்ந்து வாசிக்கச் சொல்கிறோம். அன்றைய பகுதியை ஒருவர் வாசித்து வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவாக அனுப்புவார். சனிக்கிழமை மாலை புளியந்தோப்பு, பட்டாளம், கன்னிகாபுரம், வியாசர்பாடி என்று நாலு வட்டாரமாகக் கூடி, அந்த வாரத்தில் புரியாததைப் பேசுவோம். நெகேமியா 8-ம் அதிகாரத்தில் எஸ்றா காலை முதல் மத்தியானம் வரை வாசித்ததும், லேவியர் அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணினதும் இப்படித்தான்.

அப்புறம் கணக்கு. பெரிய எழுத்து வேதாகமம் 60, ஒன்று 650 வீதம் 39,000 ரூபாய். சாதா வேதாகமம் 140, ஒன்று 300 வீதம் 42,000. வாசிப்பு அட்டை 400 அடிக்க 6,000. கண் தெரியாதவர்களுக்கும் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மெமரி கார்டு போடும் சின்ன ஸ்பீக்கர் 20, அது 18,000. ஹாலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி 24,000. வருஷம் முழுவதும் சனிக்கிழமை டீ, பன் 31,200.

சபையில் வேதாகமம் இல்லையா என்று சிலர் கேட்டார்கள். இருந்தது. மிக்ஜாம் புயலில் ஹாலுக்குள் தண்ணீர் வந்து அலமாரியின் கீழ்த் தட்டு இரண்டும் மூழ்கியது. வெயிலில் காயப் போட்டும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் ஏசாயா பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் கிழிந்து வருகிறது. மேல் தட்டில் தப்பினவற்றில் எழுத்து பொடி. நம் பாட்டிமார் கண்ணாடி போட்டும் பூதக்கண்ணாடி பிடித்தும் ஒரு அதிகாரத்தைத் தாண்ட முடியவில்லை. தரங்கம்பாடியில் அன்று வேறு வழியில்லாமல் சின்ன எழுத்து. இன்று பெரிய எழுத்து கடையிலேயே கிடைக்கும்போது வாங்கித் தராமல் இருக்க நமக்கு என்ன சாக்கு?

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. பேசின் பிரிட்ஜ் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் நம் அக்கா, வாரம் தவறாமல் நூறு ரூபாயை மடித்து ஒரே கவரில் போட்டுத் தருகிறார். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த சகோதரர், இந்த மாதப் பென்ஷனில் பத்தாயிரத்தை அப்படியே எண்ணிக் கொடுத்து, பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் ஊறுகாயும் முறுக்கும் விற்று வந்ததை முழுசாகத் தந்தார்கள். வாலிபர் சங்கத் தம்பிகள் இந்த வருஷம் டி-ஷர்ட் வேண்டாம் என்று அந்தப் பணத்தைக் கொண்டுவந்தார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம் பிள்ளைகள் அனுப்பினார்கள். வாசலில் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் தம்பிகள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர்களும் தங்களுக்குள் வசூலித்து ஆயிரம் ரூபாய் தந்தார்கள். கர்த்தர் அவர்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

வெளியில் இருப்பவர்கள் கொடுத்தபின் உள்ளே இருக்கிற நாம் யோசிப்பது அழகல்ல. பண்டிகை அன்று பெயர் கொடுத்துத் தொகையும் சொன்ன சில குடும்பங்கள் இன்னும் செலுத்தவில்லை. பெயரை ஆராதனையில் வாசிக்கப் போவதில்லை, அது முறையும் இல்லை. ஆனால் சொன்னது கர்த்தருடைய சந்நிதியில் சொன்னது. கிறிஸ்துமஸுக்கு ஸ்டாரும் கேக்கும் புதுத்துணியும் வாங்குகிற வீட்டில் ஒரு வேதாகமத்துக்கு 300 ரூபாய் எடுத்து வைப்பது பெரிய பாரமா? வேலை இல்லாமல், வாடகைக்கே தவிக்கிற குடும்பங்களை இதில் நாங்கள் சேர்க்கவில்லை. அவர்கள் ஜெபித்தால் போதும், அவர்களுக்கான வேதாகமமும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

650 ரூபாய் கொடுத்தால் ஒரு பாட்டிக்குப் பெரிய எழுத்து வேதாகமம். 900 கொடுத்தால் ஒரு ஸ்பீக்கர். முடிந்தவர்கள் பேட்டரியை ஒரே குடும்பமாக ஏற்றுக்கொள்ளலாம். பணத்தை ஞாயிறு ஆராதனைக்குப் பின் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு ஜனவரி முதல் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இன்னொன்று, ஒலிப்பதிவுக்கு வாசிக்க ஆள் வேண்டும். லேவியராகமத்துக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. குரல் நன்றாக இல்லை என்று தயங்காதீர்கள், நிறுத்தி நிதானமாக வாசித்தால் போதும். பெயரைச் செயலரிடம் கொடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
வேத வாசிப்புக் குழுவினர்